நாலரை மணிக்கு வந்த காலடி

பின்னேரம் சரியாக நாலரை மணி. பள்ளிக்கூடத்தால் வந்ததும் கைமணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைப்பது என் வழக்கம். வைக்கும்போது ஒரு தரம் பார்ப்பேன், பார்த்ததும் அதில் நாலரை மணித்தியாலத்தைக் கழிப்பேன். மகன் பிரான்சுக்குப் போன நாளில் இருந்து இது ஒரு நோய் போல என்னில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் மத்தியானம் சாப்பிடும்போது அவன் எழும்பியிருப்பான், நான் படுக்கும்போது அவன் வேலையில் நிற்பான் என்று கழித்துக் கழித்துத்தான் ஒரு நாளைக் கொண்டுபோவேன். அன்றைக்கும் கழித்தேன். அங்கே மத்தியானம் பன்னிரண்டு. அந்த நேரத்தில் இருந்துதான் எங்கள் வீட்டில் எல்லாம் பிழையாகிப் போனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்படியான கதைகளை நம்புகிறவள் இல்லை. பருத்தித்துறையில் பெண் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்து, முனி அடித்துவிட்டது என்று மற்றவர்கள் கத்தினால், "முனியும் இல்லை, ஒண்டும் இல்லை, காலமை சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று சொல்லிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறவள் நான். இதை வேறு யாராவது எழுதியிருந்தால், பாவம், பிள்ளையை நினைத்து நினைத்து மூளை களைத்துவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராது. ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பெயர் நேசன். இரண்டு தரம் சோதனை எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. எழுபத்தொன்பதில் மொஸ்கோ வழியாகவும் பெர்லின் வழியாகவும் எப்படியோ பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். பாரிசில் இல்லை, அங்கிருந்து தூரத்தில் ஒரு சின்ன ஊர். கொடிகாமத்துப் பெடியன் ரவியும் அவனும் ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒரே சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார்கள். இரண்டு பேரிடமும் அந்த நாட்டில் இருக்க ஒழுங்கான கடதாசி எதுவும் இல்லை.

அந்த ஊரின் நடுவில் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. அதன் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை அனுப்பியிருந்தான். வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் மேலால், கறுத்த கல்லில், கூர் கூராக எழும்பி நின்றது அது. மற்ற விஷயமெல்லாம் கடிதத்தில் இரண்டு வரியில் முடிப்பான், இதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. "அம்மா, இதைக் கட்டி எழுநூறு வருசமாம். உள்ளுக்கை போய் மேலை பாத்தால் பனங்காணிக்குள்ளை நிண்டு அண்ணாந்து பாத்த மாதிரி இருக்கும். தூணெல்லாம் பனை போலை எழும்பிப் போய் உச்சியிலை ஓலை விரிச்சு ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டு நிக்கும், எல்லாம் கல்லு. வெய்யில் எறிச்சால் யன்னல் கண்ணாடியாலை சிவப்பும் நீலமும் வந்து என்ரை கையிலை விழும். வெளியிலை கூரை ஓரத்திலை கல்லுப் பேய்முகங்கள் இருந்துகொண்டு மழைத்தண்ணியை வாயாலை துப்பும். எங்கடை கோயில் கோமுகிக்குத் தூரத்துச் சொந்தக்காரர் போலை."

அங்கே சைவக் கோயில் இல்லை, அதனால் இவன் அங்கேதான் போய் இருந்து தேவாரம் முணுமுணுப்பான். போகும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவான். அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை, எல்லாரும் சப்பாத்தோடுதான் போவார்கள், வருவார்கள். இவனுக்குக் கால் வராது. நடக்கப் பழகின நாளில் இருந்து கோயில் வாசலில் கழற்றிப் பழகின பிள்ளை. "மெழுகுதிரி விக்கிற மனிசி ஒண்டு இருக்கு அம்மா. என்ரை வெறுங்காலைக் கண்டால் கையை ஆட்டி ஆட்டிப் பேசும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் சிரிப்பன். அவவுக்கு இன்னும் கோவம் வரும்" என்று எழுதினான்.

எனக்கு வேறு கவலை. அந்தத் தேவாலயத் தரைக்குக் கீழே பழைய காலத்து ஆட்களைப் புதைத்து, மேலே கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது, அதற்கு மேலால்தான் நடக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். செத்த ஆட்களை மிதித்துவிட்டு அப்படியே அறைக்குள் போகிறானே என்று எனக்கு நித்திரை வரவில்லை. வந்ததும் தலைக்குக் குளி என்று எழுதினேன். "இந்தக் குளிருக்கை தலைக்குக் குளிச்சால் அடுத்த கல்லு எனக்குத்தான் அம்மா" என்று பதில் வந்தது. அப்போது அவன் அங்கேயும் நான் இங்கேயுமாகச் சிரித்தோம்.

அந்த அஞ்சலட்டையைச் சுவாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். என் கணவர் சின்ன வயதில் வெளிநாட்டுக் கப்பல்களில் ஓடியவர், இப்போது சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறார். பகிடி விடாமல் அவரால் இருக்க முடியாது. "பிள்ளையாருக்குப் பக்கத்திலை வேதக்கோயிலோ? எலி பயந்து ஓடப்போகுது" என்றார்.

"பிள்ளை போற இடம். அதுவும் இருக்கட்டும்" என்றேன்.

நான் சொல்ல வந்த நாள் எண்பத்தோராம் ஆண்டு தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தியது. மழை விட்டு, வெய்யில் எறித்து, முற்றத்து மணல் நன்றாகக் காய்ந்து கிடந்தது. காலையில் நானே கூட்டியிருந்தேன். இவர் கரைக்குப் போயிருந்தார். பூட்டியிருந்த கதவைத் திறந்துகொண்டு நான்தான் உள்ளே வந்தேன், விறாந்தையைத் தாண்டிக் கூடத்தால் நடந்து அறைக்குப் போய் மணிக்கூட்டைக் கழற்றினேன். நாலரை. மத்தியானம் பன்னிரண்டு. இப்போது சாப்பிட்டிருப்பானோ என்று நினைத்துக்கொண்டு திரும்பிக் கூடத்துக்கு வந்தால், தரையில் ஈரக் காலடி.

எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்து, மினுக்கி வைத்திருப்பேன், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடத்துக்கு முன் அந்தத் தரையால்தான் நடந்து வந்தேன், அப்போது அது இல்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். வாசல் நிலைக்கு உள்பக்கத்தில் தொடங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, நேராகச் சுவாமி அறைக்குள் போயிருந்தது. வெறுங்கால். வலது காலில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. நேசன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடலுக்குள் கிடந்த முருகைக்கல், பவளப்பாறைக் கல், காலை வெட்டி, வலது காலின் கடைசி விரல் மடிந்தே போய்விட்டது, நிலத்தில் படாது. அவனைக் குளிப்பாட்டிய எனக்கு அந்தக் காலைத் தெரியாதா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. வந்துவிட்டான், சொல்லாமல் வந்துவிட்டான், என்னை ஏமாற்றிப் பேய்க்காட்ட எங்கேயோ ஒளித்து நிற்கிறான் என்று நினைத்தேன். "டேய் நேசன், கண்டிட்டன், வெளியிலை வா" என்று கத்திக்கொண்டு சுவாமி அறைக்குள் ஓடினேன். அங்கே ஒருவரும் இல்லை. காலடி படங்களுக்கு முன்னால் போய், இரண்டு காலும் சேர்ந்து, கும்பிடுகிறவன் நிற்பதுபோல் நின்றிருந்தது. பிள்ளையாருக்கு நேரே இல்லை, அந்த அஞ்சலட்டைக்கு நேரே. திரும்பி வந்த கால் இல்லை. அறைக்கு வேறு கதவும் இல்லை. விளக்குக் கொளுத்தாத அறைக்குள் மெழுகுதிரி மணம். எங்கள் வீட்டில் மெழுகுதிரியே கிடையாது, தேங்காய் எண்ணெய் விளக்குத்தான்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். குசினி, கிணற்றடி, கட்டிலுக்குக் கீழே என்று தேடினேன். பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன ரீச்சர், கோழியைத் துலைச்சிட்டீரோ?"

"நேசன் வந்திட்டான் அக்கா!"

"ஆர் வந்தது? நான் மத்தியானம் துவக்கம் முற்றத்திலைதானே மிளகாய் காயவிட்டுக்கொண்டு இருக்கிறன். உம்மைத் தவிர ஒரு குருவியும் வரேல்லை" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஓம் ஓம், பின்பக்கத்தாலை வந்திருப்பான்" என்று சொல்லி வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டா.

நான் முற்றத்தைப் பார்த்தேன். கூட்டிய மணலில் என் செருப்படி மட்டும்தான் கிடந்தது.

இவர் கரையால் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலடி அப்போதும் காயவில்லை. வாசலில் நின்று பார்த்தவர், சாமானைக் கீழே போட்டுவிட்டு, "தோணியிலை வந்திருக்கிறான்!" என்றார். எங்கள் கரை ஆட்களுக்கு முதல் நினைப்பு அதுதான் வரும். அக்கரையில் இருந்து தோணியில் வருகிறவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலோடு ஈரமாகத்தான் வீடு வருவான். விமானத்தில் இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து இரகசியமாகக் கடலால் வந்து இறங்கியிருக்கிறான் என்று இவர் ஒரு மூச்சில் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கும் அது சரியாகப் பட்டது. "பாத்தியே, என்ரை பிள்ளை" என்றார்.

பிறகு வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். "வந்தவன் சப்பாத்தை எங்கை கழட்டினவன்?"

படியில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

இவர் குந்தியிருந்து ஒரு காலடியில் விரலை வைத்தார், வைத்தவர் உடனே கையை இழுத்துக்கொண்டார். பிறகு அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். கடற்காரருக்கு எதையும் வாயில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. அவருடைய முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"உப்பில்லை" என்றார்.

"கிணத்துத் தண்ணியாக்கும். வந்து கால் கழுவியிருப்பான்."

"எங்கடை கிணத்துத் தண்ணி உவர் எல்லே. இது வெறுந்தண்ணி. குளிருது, நீ தொட்டுப் பார்."

தொட்டேன். ஐஸ்பழப் பெட்டிக்குள் கை விட்டது போல இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் எழும்பிக் குசினிக்குப் போய் நண்டுக் குழம்பும் பிட்டும் வைத்தேன். அவனுக்குப் பிடித்த சாப்பாடு. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் திரும்பவும் கரைக்குப் போய், ஏதாவது தோணி வந்ததா என்று கேட்டுத் திரிந்தார். அடுத்த நாள் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனார், அங்கே அறை எடுத்துப் படிக்கிற அவனுடைய பழைய கூட்டாளிகளிடம் ஒளித்திருக்கிறானோ என்று பார்க்க. கடதாசி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட வெட்கத்தில் வீட்டு முகம் பார்க்காமல் நிற்கிறான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்தப் பெடியன்கள் இவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "ஐயா, நேசனோ? பிரான்சிலை எல்லோ நிக்கிறான்" என்று சொல்லி அனுப்பினார்களாம். அவன் இருக்கும் இடத்தை விட்டு, இல்லாத இடமெல்லாம் நாங்கள் தேடினோம்.

காலடி அடுத்த நாள் காலையில்தான் காய்ந்தது. நான் துடைக்கவில்லை, துடைக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவனிடம் இருந்து கடிதம் வரவில்லை. நான் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை. தபாற்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கத் தொடங்கினார், நான் வாசலில் நிற்பது அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். ஒரு நாள் நின்று, "ரீச்சர், வந்தால் நான் கொண்டுவந்து தராமல் விடுவனே?" என்றார். அதற்குப் பிறகு நான் வாசலில் நிற்பதில்லை. உள்ளே நின்று பார்ப்பேன்.

இப்போது இரண்டு வருஷமாகிறது. நான் பள்ளிக்கூடம் போகிறேன், படிப்பிக்கிறேன், வருகிறேன். ஆனால் இன்றைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சுவாமி அறையில், அந்த இரண்டு காலும் சேர்ந்து நின்ற இடம். சித்திரை வெய்யிலில் ஓடு கொதித்து, வீட்டுத் தரை முழுக்கச் சுடும்போதும், அந்த இடத்தில் கை வைத்தால் குளிர்கிறது. புவியியல் படிப்பிக்கிறவள் நான், கீழே ஊற்று ஓடுகிறதாக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்தேன். போன வருஷம் இவர் அந்த மூலையைக் கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூசினார். கீழே காய்ந்த சுண்ணாம்புக்கல்தான் இருந்தது. புதிதாகப் பூசிய சீமெந்தும் குளிர்கிறது. ஒவ்வொரு நாளும் வந்து மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு, அங்கே போய் இருந்து கையை வைப்பேன். ஒரு நாளைக்கு அது சுட்டுவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

ரவி வந்ததை வேண்டுமென்றே கடைசிக்கு விட்டேன். இதைச் சொன்னபின் எனக்கு வேறு ஒன்றும் சொல்ல வராது.

காலடி வந்த அந்த வருஷமே, சித்திரை மாதம் ஒரு பின்னேரம், படலையைத் திறந்துகொண்டு ஒரு மெலிந்த பெடியன் வந்தான். கையில் ஒரு துணிப்பை. "நான் கொடிகாமத்து ரவி அம்மா" என்று சொல்லிவிட்டு, இருக்கச் சொன்னதற்கும் இருக்காமல் விறாந்தையில் நின்றான். இவர் உள்ளே இருந்து ஓடி வந்தார்.

"பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு நாள், நாங்கள் அந்த ஊரை விட்டுப் பாரிசுக்குப் போறதெண்டு வெளிக்கிட்டனாங்கள். பஸ்சுக்கு நேரம் கிடந்தது. ஒருக்காக் கும்பிட்டிட்டு வாறன் எண்டான். பனி கொட்டிக்கொண்டு இருந்தது. டேய், இண்டைக்காவது சப்பாத்தோடை போடா, கால் விறைச்சுப் போகும் எண்டு சொன்னனான். ஒரு நிமிசம்தானேடா எண்டு சிரிச்சுக்கொண்டு கழட்டினவன். பனியை மிதிச்சுக்கொண்டு உள்ளுக்கை போனான். நான் வாசலிலை சப்பாத்துக்குக் காவல் நிண்டனான்."

அவன் துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"மத்தியான மணி அடிச்சுது. அடிச்சு ஓயும்வரைக்கும் பாத்தன், அவன் வரேல்லை. போய்ப் பாத்தால் உள்ளுக்கை ஆளில்லை. மெழுகுதிரி விக்கிற மனிசி மட்டும் நிண்டு அழுதுகொண்டு இருந்தது. மாரிக் குளிருக்கு மற்றக் கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது, அம்மா. திறந்து கிடந்தது நான் நிண்ட வாசல் ஒண்டுதான். பாதிரியார் எல்லா அறையும் திறந்து காட்டினவர், பொலிஸ் வந்து தேடினது. அவனை விட்டிட்டுப் போக ஏலாமல் நான் அங்கையே நிண்டனான். அப்பிடித்தான் கடதாசி இல்லாமல் நான் பிடிபட்டனான், இஞ்சை திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். எழுதக் கடதாசி எடுத்தனான் அம்மா, எத்தினை தரம். என்னெண்டு எழுதுறது?"

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். என் வாயில் இருந்து ஒரு கேள்விதான் வந்தது. "தம்பி, உள்ளுக்கை தரை ஈரமாய்க் கிடந்ததோ?"

ரவி என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. "அதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீ சொல்லு."

"படியிலை பனிக்குள்ளை அவன்ரை கால் பதிஞ்சு கிடந்தது. நிலை வரைக்கும் கிடந்தது. நிலைக்கு அங்காலை ஒரு சொட்டு ஈரம் இல்லை அம்மா. காய்ஞ்ச கல்லு. பொலிசுக்கும் அதைச் சொன்னனான், சிரிச்சாங்கள்."

பிறகு துணிப்பையைத் திறந்தான். கறுப்புச் சப்பாத்து, காலுறை இரண்டையும் சுருட்டி உள்ளே வைத்தபடி. நேசன் எப்போதும் அப்படித்தான் வைப்பான். என்னிடம் தரவில்லை. குந்தியிருந்து, வாசற்படியில், என் செருப்புக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தான். இவர் அழுதுகொண்டே அதை எடுத்து நெஞ்சோடு அணைத்து உள்ளே கொண்டுபோக எழும்பினார். ரவி அவருடைய கையைப் பிடித்தான்.

"வேண்டாம் ஐயா. உள்ளுக்கை கொண்டுபோகாதேங்கோ. கும்பிட்டிட்டு வெளியிலை வாற ஆள் வாசலிலைதானே தேடுவான்."